என் தாடையில் இருந்த ஓட்டை

ஆறாம் வகுப்பு படிக்கும்போது என் இடது தாடையில் ஒரு ஓட்டை இருந்தது. ஆம்பூரில் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முதலில் வந்தது வீக்கம்தான். வலியே இல்லை. மிட்டாயை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து டீச்சர் வாயைத் திறக்கச் சொல்லி ஏமாந்திருக்கிறார். சொத்தைப் பல் என்று மாத்திரை கொடுத்தார்கள். தோல் கம்பெனித் தண்ணீர்தான் காரணம் என்றது தெரு. எங்கள் ஊரில் தலைவலி வந்தாலும் பழி அதன்மேல்தான். கடைசியில் ஒரு பல் டாக்டர் முழுத் தாடையையும் ஒரே எக்ஸ்ரேயாக எடுத்துப் பார்த்தார். பார்த்ததுமே வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். படத்தில் என் தாடையின் ஒரு பக்கம் கோழிமுட்டை அளவுக்குக் கருப்பாக இருந்தது. முளைக்காத கடைவாய்ப்பல் ஒன்று அதன் அடியில் தள்ளப்பட்டுக் கிடந்தது.

வேலூரில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை வீட்டில் எல்லோரும் என்னிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். பரோட்டா கேட்டால் பரோட்டா, ஐஸ்கிரீம் கேட்டால் ஐஸ்கிரீம். அப்படியே இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

முடிவு சொல்லும் நாளில் அப்பா, அம்மாவோடு பெரியப்பாவும் வந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் பேசினால் பேசியதுதான். டாக்டரம்மா, “கேன்சர் இல்ல. சாதாரணக் கட்டிதான். ஆனா விட்டா எலும்ப அரிச்சிக்கிட்டே போகும்” என்றார். அதன் பெயர் அமெலோபிளாஸ்டோமா. வகுப்பிலேயே அதை ஒரே மூச்சில் சொல்ல என் ஒருத்தியால்தான் முடியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வழி இரண்டு இருந்தது. கட்டியோடு சேர்த்துத் தாடையின் அந்தப் பக்கத்தையே வெட்டியெடுத்து, காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்பது ஒன்று. வாய்க்குள் கட்டியில் ஓட்டை போட்டு ஒரு சின்னக் குழாய் வைத்து, தினமும் மூன்று வேளை உப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது இன்னொன்று. கட்டி மெல்லச் சுருங்கும், எலும்பு தானாக வளர்ந்து வரும். மிச்சத்தைப் பிறகு சுரண்டி எடுத்துவிடலாம்.

“இதுல திரும்பி வர வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு வேளைகூட விடாம கழுவணும். வருஷக்கணக்கா வந்து காட்டணும். நல்லா யோசிச்சிச் சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

“வெட்டி எடுத்துடுங்க மேடம். ஒரேடியா முடியட்டும்” என்றார் பெரியப்பா. அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் எதிரில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள். பெரியப்பா முன்னால் அதுவரை அவளும் பேசியதில்லை. அன்று டாக்டரம்மாவைப் பார்த்து, “வளர்ற பொண்ணு மேடம். கழுவுற வேலதானே, நான் பாத்துக்கறேன். குழாயே வெச்சிடுங்க” என்றாள்.

பெரியப்பா திரும்பினார். “இன்னா தைரியத்துல சொல்ற? நாளைக்கு அது திரும்பி வந்தா நீதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் மாமா” என்றாள் அம்மா.

பெரியவர்கள் எதற்கும் சண்டை போடுவார்கள் என்று நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவைப் போல ஒரு தைரியசாலியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

காலையும் இரவும் வீட்டில் கழுவினோம். மதியம்தான் சிக்கல். கம்பெனியும் பள்ளிக்கூடமும் ஒரே சாலையில் இருந்ததால், மணி அடித்ததும் நான் கம்பெனி கேட்டுக்கு ஓடுவேன். அம்மா பிளாஸ்க்கும் ஊசியில்லாத சிரிஞ்சுமாக நிற்பாள். கொதிக்க வைத்து ஆறவைத்த உப்புத் தண்ணீர். ஒருநாள் முழுசாக ஒரு சோற்றுப் பருக்கை வெளியே வந்தது. தையல் லைன் அக்காமார் சுற்றி நின்று பார்த்தார்கள். நான் சினிமாக்காரியைப் போல முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

ஷிப்மென்ட் அவசரம் என்றால் யாரையும் வெளியே விடமாட்டார்கள். அந்த நாட்களில் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே நான் கன்னத்தை வைத்துக்கொள்வேன். அம்மா உள்ளே இருந்தபடியே கையை நீட்டிக் கழுவுவாள். “வாய நல்லாத் தொற” என்பதைத் தவிர வேறு பேச்சு இருக்காது. காய்ச்சலோடு அவள் வேலைக்கு வந்த நாளும் உண்டு, கழுவாத நாள் கிடையாது.

ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் கருப்பு கொஞ்சம் குறைந்தது. நான் படத்தை வெயிலில் பிடித்துத் தெருவுக்கே பாடம் நடத்தினேன். அடியில் கிடந்த பல் மெல்ல மேலே ஏறி வந்தது. என் தாடை, என் எலும்பு, என் சாமர்த்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வருடத்துக்குமேல் ஆனபின் குழாயை எடுத்து, மிச்சத்தைச் சுரண்டித் தைத்தார்கள்.

அதன்பின் ஒவ்வொரு முறை வேலூர் போகும்போதும் அம்மா பேருந்தில் எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்தபடியே வருவாள். நான் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த வருடம் பெரியப்பாவும் எங்களோடு வந்தார். டாக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். கருப்பு இருந்த இடம் முழுக்க வெள்ளை எலும்பு. “திரும்பி வரல. வருஷா வருஷம் வந்து காட்டினா போதும்” என்று சொல்லி எனக்குக் கை கொடுத்தார். நானும் பெரிய மனுஷி போலக் கொடுத்தேன்.

“அப்ப நான் சொன்னது தப்பில்லையே மேடம்?” என்று அம்மா கேட்டாள்.

“தப்பே இல்லம்மா.”

அம்மா இன்னொரு முறையும் அதையே கேட்டாள். ஒரு தடவை சொன்னால் புரியாதா என்று எனக்கு மானம் போனது. டாக்டரம்மா இந்த முறை பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். பெரியப்பா தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். ஓட்டை மூடிப்போனதில் எனக்கும் வருத்தம் இருந்தது. கேட்டருகே கூட்டம் கூடி என்னைப் பார்த்த காலம் இனி வராதே. அம்மாவுக்கும் அதுதான் துக்கம் போலிருக்கிறது என்று அவள் தோளில் கை வைத்து, “விடும்மா, வலது பக்கத்துல வந்தாலும் வரும்” என்று ஆறுதல் சொன்னேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையோடு சிரித்தும் விட்டாள். அழுத அம்மாவைச் சிரிக்க வைத்த பெருமையில் நான் பேருந்தில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.