இரண்டடி பின்னால்

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து பழக்கினேன். என் அணியிலேயே உயரமானவன் முத்தையா, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. எதிரணி கூடைக்குப் போட்டுத் தவறிய பந்தைப் பிடித்ததும் அவன் அதைக் கார்டாக ஆடும் ராஜுவிடம் கொடுக்க வேண்டும். ராஜு தட்டிக்கொண்டு வருவதற்குள் முந்தி ஓடி எதிர்க் கூடைக்கடியில் நிற்க வேண்டும். முத்தையாவோ எப்போதும் ராஜுவுக்கு இரண்டடி பின்னாலேயே ஓடினான்.

சோம்பேறி என்று திட்டினேன். மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டேன். அப்புறம்தான் சொன்னான்: "அவங்க எங்க தோட்டத்துல அப்பாவுக்கு வேலை போடுற கணக்கப்பிள்ளை ஐயா மகன், சார். அவங்களத் தாண்டி எப்பிடிங்க ஓடுறது?"

டவுன்காரனான எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆட்டத்துல ஐயா கிடையாதுடா. தாண்டி ஓடு. பேரச் சொல்லிப் பந்து கேளு" என்றேன்.

அடுத்த ஆட்டத்தில் தாண்டி ஓடினான். "ராஜு, இங்க போடுடா" என்று அவன் கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது. ஜெயித்தோம். பார்க்க வந்திருந்த கணக்கப்பிள்ளை மட்டும் கைதட்டவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுவாரம் முத்தையா வரவில்லை. லயத்துக்குப் போனேன். அவன் அப்பாவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்து வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். குடியிருந்த காம்பிராவையும் காலி செய்ய வேண்டுமாம். தோட்டத்துத் துரையிடம் நான் பேசுகிறேன் என்றேன்.

"வேணாங்க சார். நீங்க பேசினது போதும்" என்றார் அவன் அப்பா. குரலில் கோபமே இல்லை. மூட்டை கட்டிக்கொண்டிருந்த முத்தையா நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த லயத்துப் பிள்ளைகளும் இரண்டடி பின்னாலேயேதான் ஓடினார்கள். நான் யாரையும் சுற்று ஓடவிடவில்லை.