பழப்புளி பட்ட வெண்கலம்

யோகமலர் கனடாவில் டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் பிடித்து வெக்ஸ்போர்ட்டில் வீடு துடைக்கப் போகிறவர். செவ்வாயும் வெள்ளியும் கிறிஸ்ரினா என்ற ஜெர்மன்காரியின் வீடு. 1996இல் யோகமலருக்கு நாற்பத்திரண்டு வயது. அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி, நாட்டில் தங்க விடும்படி கேட்கும் கருணை மனு ஒன்றுதான் மிச்சம். அதற்கு வேலை கொடுப்பவரின் கடிதம் வேண்டும். தருவதாகக் கிறிஸ்ரினா சொல்லியிருந்தார்.

அந்த மனுவுக்குள் ஒரு பொய் இருந்தது. கனடாவுக்கு வருமுன் யோகமலர் ஸ்ருட்கார்ட்டில் ஆறு வருடம் இருந்தவர். அங்கேயும் அவர் அகதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். படிவம் நிரப்பிக் கொடுத்த பஸ்ரியன் எச்சரித்திருந்தார்: “ஜெர்மனி எண்டு வாய் திறந்தியளோ, அடுத்த பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள். கொழும்பிலையிருந்து நேரை வந்தனியள். விளங்குதோ?”

உயிருக்குப் பயந்து ஓடியவள் எத்தனை கதவைத் தட்டினாள் என்று குறுக்கு விசாரணை செய்கிற சட்டம், பொய்யைத் தானே விளைவித்துவிட்டுப் பொய்க்காரியைத் தேடுகிறது. அன்றிலிருந்து யோகமலருக்கு ஜெர்மன் தெரியாது. கிறிஸ்ரினா தொலைபேசியில் தங்கையோடு அந்த மொழியில் பேசிச் சிரித்தால், இவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தூசி தட்டுவார்.

வரவேற்பறையில் ஒன்றரை அடி உயர வெண்கலச் சிலை ஒன்று நின்றது. ஈரத்துணி பிழியும் பெண். 1893இல் மூனிச் நகரத்தில் கொன்ராட் வேல்ற்ஸ் என்பவர் செய்தது. மற்றவர்கள் அரசர்களைக் குதிரையில் ஏற்றிச் சிலை வடித்துப் பிழைத்தபோது, கொத்தனாரின் மகனான வேல்ற்ஸ் தன் தெருவில் துணி வெளுத்தவளைச் செய்தார். வார்த்த பிறகு அமிலம் பூசி, நெருப்புக் காட்டி, மறுபடியும் பூசி, மூன்று வாரம் பாடுபட்டு அதற்கு ஒரு கரும்பழுப்பை வரவழைத்தார். அதுதான் அந்தச் சிலையின் தோல்.

யோகமலரின் கண்ணுக்கு அது நூறு வருட அழுக்கு.

கிறிஸ்ரினாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அவர் தலைமுடி வெட்டப் போயிருந்தபோது, யோகமலர் பையிலிருந்து பழப்புளியும் உப்பும் எடுத்துச் சிலையைத் தேய்த்தார். குத்துவிளக்கு மினுக்கிப் பழகிய கை. தோளும் முகமும் பொன்னாக வெளிவந்தன. பரிசு கொடுக்கிறவரின் பூரிப்போடு வாசலைப் பார்த்து நின்றார்.

கிறிஸ்ரினா உள்ளே வந்து சிலையைப் பார்த்தார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். வெளியே போகச் சொன்னார். பிறகு தனக்குத்தானே ஜெர்மனில், “வேல்ற்ஸின் முகத்தையே உரித்துவிட்டாள் இந்த மூடப்பெண்” என்றார்.

இனிக் கடிதம் கிடைக்காது என்று யோகமலருக்கு விளங்கியது. மனு அனுப்பப் பத்து நாள்தான் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

“அறியாமல் செய்துவிட்டேன், அம்மா. எங்கள் வீட்டில் வெண்கலத்தைக் கறுக்க விட்டால் சோம்பேறி என்பார்கள்.”

நல்ல ஜெர்மன். ஸ்ருட்கார்ட் உணவகச் சமையலறையின் இழுவையும் அதில் இருந்தது.

கிறிஸ்ரினா உட்கார்ந்துவிட்டார். “எங்கே படித்தாய்?” “எத்தனை வருடம்?” கேள்விகள் அன்பாகத்தான் வந்தன. ஆறு வருடத்தையும் யோகமலர் சொன்னார். தேநீர் வந்தது. சிலை நாசமானதுதான், ஆனால் மனதால் செய்தாய் என்று சொல்லி, கிறிஸ்ரினா அங்கேயே கடிதம் எழுதினார்: நேர்மையானவர், உழைப்பாளி, ஆறு ஆண்டுகள் ஸ்ருட்கார்ட்டில் வாழ்ந்து அருமையான ஜெர்மன் பேசுகிறவர்.

“அந்த ஸ்ருட்கார்ட் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.”

“ஏன்? உனக்குப் பெருமை அல்லவா?”

காரணம் சொன்னால் பொய்க்காரி. சொல்லாவிட்டால் வரி நிற்கும். கிறிஸ்ரினா கையெழுத்திட்டு உறையை ஒட்டினார். பாதி உண்மை உள்ள காகிதத்தில் தான் ஒப்பமிடுவதில்லை என்றார்.

ஒன்பது நாள் கடிதம் அரிசி வாளிக்குப் பின்னால் கிடந்தது. பத்தாம் நாள் யோகமலர் பஸ்ரியனிடம் கொண்டுபோனார். கூடவே, ஆறு வருடத்தையும் தன் கையால் எழுதிய தாள் ஒன்று.

“உந்தக் கடிதத்தைக் குடுத்தா முடிஞ்சுது. விசரே உங்களுக்கு? கடிதம் இல்லாமல் போடுவம்.”

“கடிதம் இல்லாட்டியும் தள்ளுவாங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னியள்?”

“ஓம். அதுக்காகக் குழியை நீங்களே தோண்டுறதே?”

“குழி நீங்கள் தோண்டினது, பஸ்ரியன் அண்ணை. நாலு வருசமா நான் அதுக்கை நிக்கிறன். முகவரியை வடிவா எழுதித் தாங்கோ.”

பஸ்ரியன் முணுமுணுத்தபடி எழுதினார். மனு, கடிதம், தாள் மூன்றையும் அன்று மாலையே யோகமலர் தபாலில் போட்டார்.

இரண்டு வருடமாகிறது. பதில் இல்லை. கனடாவை விட்டு வெளியே போக முடியாது, இலங்கையில் தாய் செத்ததற்கும் போக முடியவில்லை. தபால்காரன் வருகிற பதினொரு மணிக்கு வேலையில் இருந்தாலும் யோகமலரின் கை நின்றுவிடுகிறது. கிறிஸ்ரினா ஜெர்மனில் ஏதாவது கேட்பார். யோகமலர் ஜெர்மனிலேயே பதில் சொல்வார்.