செஞ்சியில் ஒரு ஸ்கேன் சென்டரும் செத்துப்போன எஸ்எஸ்டியும்

கோட்டை பார்க்கவென்று நான் செஞ்சிக்குப் போகவில்லை. போன கார்த்திகையில், விடாத மழைக்கு நடுவே, ஹாஸ்டல் தோழி ஷமீம் போன் செய்தாள். "சர்வர் போச்சுடி. ஒரு படமும் தெறக்க மாட்டேங்குது. வந்துட்டுப் போயேன்." செஞ்சிதான் அவள் சொந்த ஊர். அங்கே சின்னதாக ஒரு ஸ்கேன் சென்டர் நடத்துகிறாள். எனக்குச் சென்னையில் சர்வர் பராமரிக்கும் வேலை. மூன்று நாள் லீவு போட்டேன். முடிந்தால் கோட்டையின் ராஜகிரி மலையும் ஏறலாம் என்று ஷூவைப் பையில் திணித்துக்கொண்டேன்.

கிளாம்பாக்கத்தில் காலை ஆறு மணிக்குத் திருவண்ணாமலை பஸ். திண்டிவனத்தில் பிரிந்து இருபத்தெட்டு கிலோமீட்டர். வழக்கமாகத் தூரத்திலேயே தெரியும் மலைகள் அன்று தெரியவில்லை. ஒன்பதரைக்கு இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் கணுக்கால் அளவு தண்ணீர். மலையேற அனுமதியில்லை என்று டீக்கடையிலேயே சொல்லிவிட்டார்கள்.

சென்டரில் ஒரே சர்வர். அதற்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள்: ஒன்றில் ஸ்கேன் படங்கள், மற்றதில் ரிப்போர்ட்டுகள். ஹார்ட் டிஸ்க்கில் நிறைய கொள்ளும், ஆனால் மெதுவானது. எஸ்எஸ்டி வேகமானது, விலையும் அதிகம். அதனால் பெரிய ஹார்ட் டிஸ்குகளுக்கு முன்னால் சின்ன எஸ்எஸ்டி ஒன்றை வைத்து இரண்டையும் சேர்த்திருந்தார்கள். இதில் தப்பில்லை, நானும் செய்வதுதான். ஆனால் இங்கே எழுதுவதெல்லாம் முதலில் எஸ்எஸ்டியில் மட்டும் விழும், பிறகு சாவகாசமாக ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். அதிலிருப்பதை அப்படியே இன்னொரு பிரதியாக வைத்துக்கொள்ள அந்த எஸ்எஸ்டிக்கு ஜோடியும் இல்லை. கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு நாளில் அது செத்துவிட்டது. இன்னும் இறங்காத படங்களோடு, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற விவரமும் போயிற்று. பேக்கப்? அதுவும் அதே டிஸ்குகளில்.

வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். பெயர் கஸ்தூரி, அனந்தபுரத்தில் இட்லிக் கடை. நுரையீரலில் ஒரு புள்ளி. இரண்டு வருஷத்துக்கு முன் இங்கே எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. போன வாரம் பாண்டிச்சேரியில் எடுத்த புது ஸ்கேனிலும் இருக்கிறது. பழைய படத்தோடு ஒப்பிட்டால் வளர்கிறதா என்று இப்போதே தெரியும், இல்லையென்றால் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டிலிருந்த பிலிம் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டதாம்.

"இன்னாமா, கெடைக்குமா?"

"பழசுங்கறதால ஹார்ட் டிஸ்க்குல இருக்கணும்க்கா. தேடணும். உறுதியா சொல்ல முடியாது."

"வளருதா, அப்டியே இருக்குதா. அது தெரிஞ்சா போதும்மா. மூணு மாசம் இத நெனச்சிக்கினே இட்லி ஊத்த முடியாது."

ஹார்ட் டிஸ்குகளை முதலில் அப்படியே நகலெடுக்கப் போட்டேன். ஒரு நாளுக்கு மேல் ஓடும். மறுநாளும் கஸ்தூரி அக்கா வந்துவிட்டார். வீட்டில் இருந்தால் டென்ஷனாக இருக்கிறதாம். ஷமீம்தான் எங்கள் இருவரையும் விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றி மண்டகப்பட்டுக்கு அனுப்பினாள். இருபது கிலோமீட்டருக்குள்தான், ஊருக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் குடைந்ததாகக் கல்வெட்டில் ராஜாவே சொல்லியிருக்கும் பல்லவர் குகை. எங்களைத் தவிர யாரும் இல்லை. அக்கா கருவறைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்.

"சாமியே இல்லியே. யார வேண்டிக்கறது?"

சொல்லிவிட்டுத் துவாரபாலகர் காலடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினோம்.

அன்று மாலை தேடலை ஆரம்பித்தேன். நல்லவேளையாக ஒவ்வொரு ஸ்கேன் படத்துக்குள்ளும் நோயாளியின் பெயரும் தேதியும் பதிந்திருக்கும். மூன்றாம் நாள் மதியம் 'கஸ்தூரி' என்று வரிசையாக வர ஆரம்பித்தது. ஒரு ஸ்கேன் என்பது நூற்றுக்கணக்கான படங்கள்; நடுவே பல இல்லை, ஆனால் புள்ளி இருந்த பகுதி இருந்தது. சிடியில் போட்டுக் கொடுத்தோம். முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

கடைசி சில நாள் ஸ்கேன்கள் வரவே இல்லை. ஷமீம் ஒவ்வொருவருக்காகப் போன் செய்து சொல்ல ஆரம்பித்தாள். நாலாவது போனிலேயே குரல் உடைந்துவிட்டது. அவளுக்குச் செய்ய என்னிடம் அதற்கு மேல் ஒன்றுமில்லை.

போகிறவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகையில் கோட்டையை நம்பிக் கிளம்பாதீர்கள், தை மாசிதான் தோது. மண்டகப்பட்டுக்குக் குடையும் தண்ணீரும் கொண்டுபோங்கள், அருகில் கடை இல்லை. இதே மாதிரி சர்வர் வைத்திருப்பவர்களுக்கு: எஸ்எஸ்டி முன்னால் நிற்கட்டும், ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலும் எழுதி முடித்த பிறகே 'சேமித்தாச்சு' என்று சொல்லும்படி வையுங்கள். வேகம்தான் வேண்டுமென்றால் எஸ்எஸ்டி இரண்டு போடுங்கள். பேக்கப் வேறு இடத்தில் இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து, நான் ஆபீஸில் இருக்கும்போது கஸ்தூரி அக்கா கூப்பிட்டார்.

"வளந்துருக்குதுமா. டாக்டரு ரெண்டு படத்தயும் பக்கத்துல வச்சுக் காட்டுனாரு. எனக்கே தெரிஞ்சிது. ஆபரேசனுக்குத் தேதி குடுத்துட்டாங்க."

அந்தப் படங்கள் கிடைத்தபோது நானும் ஷமீமும் கைதட்டியிருந்தோம்.

"இன்னா, பேசாத இருக்கற? வேல இருந்தா வச்சுடு, அப்றம் பேசலாம்."

"வேலை ஒண்ணும் இல்லக்கா. சொல்லுங்க."

அவர் இல்லாத நாட்களில் கடையை யார் பார்த்துக்கொள்வது என்று பேச ஆரம்பித்தார்.