ஹைரியே கேட்டு வாங்கிய கற்கள்

ஹைரியேவிடம் வாய் கொடுத்து மீண்ட அதிகாரி அந்த அல்பேனியக் கரையில் கிடையாது. மலையில் அணை கட்டினார்கள், ஆற்று மணலை லாரி லாரியாக அள்ளினார்கள். ஆறு மணல் கொண்டுவந்து கொட்டுவது நின்றதும் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அவளுடைய மீன் கடைப் பந்தலும் நாலு மேசையும் ஒரே குளிர்காலத்தில் போயின. அன்றைக்குத் தெருவில் இறங்கியவள்தான். ஆறு வருடம் மனு, மறியல், தலைநகர் திரானாவிலிருந்து வந்த மந்திரியின் காருக்கு முன்னால் படுத்தது என்று எல்லாம் செய்து, ஊருக்கு மூன்று தூண்டில் வளைவு வாங்கிக் கொடுத்தாள். கடலுக்குள் நீண்ட அந்தக் கற்சுவர்களை ஒட்டி மணல் சேர்ந்தது. கடை பிழைத்தது. ஊர் அவளைக் கரைக்குழுத் தலைவி ஆக்கியது.

அந்த மணல் புதிதாகப் பிறந்து வரவில்லை. வடக்கே போக வேண்டியது இங்கே மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வடக்கே இருந்தது அவள் பிறந்த ஊர். கடலோரக் கடைசி வீடு அவள் பிறந்த வீடு. தம்பி நூரெதின் அதில் குடியிருந்தான்.

வளைவு போட்ட இரண்டாம் வருடம் தம்பி வந்தான். காப்பி வைத்தாள். அவன் தொடவில்லை. பெரிய காரியம் கேட்டு வந்தவன் சரி என்ற வார்த்தையை வாங்காமல் காப்பி குடிக்கமாட்டான் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

“கடைசி வளைவ எடுக்கச் சொல்லி ஒரு கையெழுத்துப் போடுக்கா. குழு சம்மதிச்சா எடுத்துடலாம்னு பொறியாளரே சொல்லிட்டாரு.”

“எடுத்தா இங்க பதினோரு வீடு போயிடும்டா.”

“எடுக்கலேன்னா என் வீடு போயிடும்.”

“உங்க ஊருக்கும் வளைவு கேளு. நானும் கூட வந்து கத்தறேன்.”

“அப்போ எங்களுக்கு வடக்க இருக்கறவன் யார் வீட்ல போய்க் காப்பி குடிக்காம உக்காருவான்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வெட்கமாகவும் இருந்தது. பதினோரு வீடு என்று வாய் சொன்னதே தவிர, மனதில் நின்றது தன் கடை. அது அவளுக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். காப்பி ஆறிப்போனது. அவன் எழுந்து போய்விட்டான்.

பிப்ரவரியில் தெற்குக் காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. நாலாம் நாள் ஹைரியே தம்பி வீட்டுக்குப் பேருந்து பிடித்துப் போனாள். கடைசி வளைவை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் கைப்பைக்குள் இருந்தது. ஊர் திட்டினால் திட்டட்டும் என்றுதான் கையெழுத்தைப் போட்டிருந்தாள்.

வீட்டில் சமையலறை மட்டும் நின்றது. அவள் பிறந்த அறை இருந்த இடத்தில் அலை வந்து வந்து போனது. நூரெதின் மிஞ்சிய ஓடுகளை டிராக்டரில் அடுக்கிக்கொண்டிருந்தான். திட்டவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. முற்றத்தில் அடுப்பு வைத்து அவளுக்குக் காப்பி போட்டான்.

அவள் கோப்பையைத் தொடவில்லை. தாளை எடுத்து நீட்டினாள்.

“இத வாங்கிக்கடா. அப்புறம் குடிக்கறேன்.”

அவன் தாளைப் பார்க்கவே இல்லை.

“குடி அக்கா. இனிமே உங்கிட்ட கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

ஒரு வாய் குடித்தாள். சர்க்கரை போடவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குத்தான் அங்கே அப்படிக் கொடுப்பார்கள். அடியில் தங்கிய தூள் நாக்கில் படும்வரை அவள் அதைக் குடித்து முடித்தாள்.