மரியதாசனுக்கு ஒரு பூசை

வீரத்தைப் பற்றி எபனேசர் அண்ணன் அளவுக்குப் பேசத் தெரிந்த ஆள் இராஜபாளையம் வட்டாரத்தில் கிடையாது. அவர் அளவுக்குப் பயந்தாங்கொள்ளியும் கிடையாது. இரண்டையும் ஒரே சட்டைக்குள் வைத்துக்கொண்டு தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி எங்கள் பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்கு வருவார்.

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்பத்திரிகளுக்குக் காயத்தில் வைக்கிற காஸ் துணியை வெட்டி, மடித்து, பாக்கெட்டில் போட்டு அனுப்புகிற ஒரு ஷெட். மடிப்பு மேசையில் நாங்கள் ஒன்பது பெண்கள். மடித்த பாக்கெட்டெல்லாம் அண்ணனின் மெஷின் ரூமுக்குப் போகும். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு ஆட்டோகிளேவ் நிற்கிறது. நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்வது அதன் வேலை. ஒழுங்காக வெந்திருந்தால் பாக்கெட் ஓரத்தில் இருக்கிற ரோஸ் நிறக் கோடு கறுத்துவிடும். அண்ணன் அந்தக் கோட்டைப் பார்த்து அட்டையில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் நாங்கள் 'ஸ்டெரைல்' என்ற ஸ்டிக்கரை ஒட்டுவோம். பதினேழு வருஷமாக அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பாக்கெட்டும் வாசல் தாண்டியதில்லை.

அந்தக் கை வேறு எதற்கும் உயர்ந்ததில்லை என்பது வேறு விஷயம். சலூனில் தலையைக் கோழி கொத்தியது போல வெட்டிவிட்டாலும் கண்ணாடியைப் பார்த்து "சூப்பரு" என்று சொல்லிவிட்டு வருகிற மனுஷன். பக்கத்து வீட்டுக்காரர் இவர் வாசலை மறித்துக் காரை நிறுத்தினார். அண்ணன் வாய் திறக்காமல் தன் வண்டியை இரண்டு வருஷம் அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி இவாஞ்சலின் தெருவில் இறங்கி நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் கார் நகர்ந்தது. அந்தப் போர் நடந்த நேரத்தில் அண்ணன் வீட்டுக்குள் ஃபேன் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

இப்பேர்ப்பட்டவர்தான் எங்களுக்குப் புரட்சி சொல்லிக்கொடுத்தார். ஜப்பான்காரன் எடுத்த கடற்கொள்ளையர் கார்ட்டூன் ஒன்று உண்டாம். ஆயிரம் எபிசோடைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் பஸ்ஸில் வரும்போது போனில் அதைப் பார்ப்பார், அழுவார். ஒரு தடவை கண்டக்டர் ஏதோ சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போகிறார் என்று நினைத்துத் தன் சீட்டையே கொடுத்திருக்கிறார். அண்ணன் மறுக்காமல் உட்கார்ந்து மிச்சத்தையும் அழுது முடித்தார்.

பத்தரை மணி டீ நேரத்தில் எங்கள் மேசைக்கு வந்து கதையைச் சொல்வார். எட்டு வருஷம் சொன்னார். எங்களில் ஒருத்தி கூட ஒரு எபிசோடும் பார்த்ததில்லை, ஆனால் கதை முழுக்கத் தெரியும். ஜப்பான் பேரெல்லாம் எங்கள் வாயில் நிற்காது என்று அவரே ஆளுக்கொரு பேர் வைத்தார். கப்பல் தலைவன் விஜயபாண்டி. சுக்கான் பிடிக்கிறவள் வெங்கடேஸ்வரி. கயிறு, சங்கிலி பார்க்கிற ஒல்லிப் பையன் மரியதாசன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற மரியதாசனைச் சொல்லும்போது மட்டும் அண்ணனுக்குக் குரல் இறங்கிவிடும். ஏன் என்று கேட்க எங்களுக்கு அறிவு வேண்டாமா?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அக்டோபரில் மரியதாசன் செத்துப்போனான். கொடுமைக்கார ராஜா ஒருவனின் துறைமுகத்திலிருந்து கப்பல் தப்பிக்க வேண்டும். வாயிலில் சங்கிலி போட்டு மறித்திருக்கிறார்கள். யாராவது ஒருத்தர் கரையில் நின்று கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் சங்கிலி கீழே இறங்கும். பிடிக்கிறவன் திரும்ப முடியாது. "நான் பிடிச்சிருக்கேன், நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு மரியதாசன் கைப்பிடியை விடாமல் நின்றான். இதைச் சொல்லி முடித்தபோது டீ ஆடை கட்டிப்போயிருந்தது. ஒன்பது பேரும் அழுதோம். அன்று மடித்த துணியில் பாதி ஈரம்.

நாங்கள் எட்டுப் பேர் வீட்டுக்குப் போய் மறந்துவிட்டோம். எங்கள் மேசையில் மூத்தவளான சந்தனமேரியக்கா மறக்கவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர்கள் அவரவர் வீட்டில் இறந்தவர்கள் பேரை எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள், சாமியார் பூசையில் வாசித்து வேண்டிக்கொள்வார். அக்கா தன் புருஷன், மாமனார், மாமியார் பேருக்குக் கீழே 'மரியதாசன்' என்றும் எழுதிக் கொடுத்துவிட்டாள். சாமியாரும் வஞ்சகமில்லாமல் வாசித்தார். ஒரு ஜப்பான் கொள்ளைக்காரனின் ஆத்துமா இளைப்பாறுவதற்காக ஊரே முழங்காலில் நின்றது.

மறுநாள் இதைக் கேட்டதும் அண்ணன் முகம் வெளிறிப்போயிற்று. அவர் சி.எஸ்.ஐ.காரர், செத்தவர்களுக்குப் பூசை வைக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. அதனால் பதறுகிறார் என்று நினைத்தேன்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீக? அவன் பொம்மைப் படத்துல வாரவன்."

"எவனா இருந்தா என்ன தம்பி? ஊருக்காக நின்னு செத்தவனுக்குப் பேரு சொல்ல ஒரு ஆளு வேண்டாமா?" என்றாள் அக்கா. அண்ணன் மெஷின் ரூமுக்குள் போய்விட்டார்.

அடுத்த ஜனவரியில், லாரி வந்து நிற்கிற ஒரு நாளாகப் பார்த்து, நீராவி தருகிற பாய்லர் மக்கர் பண்ணியது. ஒரு லோடு முழுக்க வேகாமல் வெளியே வந்தது. பாக்கெட்டிலெல்லாம் கோடு ரோஸாகவே இருந்தது. மேனேஜர் ஆண்டிச்சாமி வந்து பார்த்தார். ரொம்பத் தெளிவான மனுஷன்.

"ஒரு தடவைதான். ஸ்டிக்கரைக் கோட்டு மேலயே ஒட்டிருங்க. எவன் உரிச்சுப் பாக்கப் போறான்?" என்று சொல்லி அட்டையை அண்ணன் கையில் கொடுத்தார்.

நாங்கள் ஒன்பது பேரும் அண்ணனைப் பார்த்தோம். ஆயிரம் எபிசோடு பார்த்த கண், எட்டு வருஷம் வீரம் பேசிய வாய். அண்ணன் பேனாவைத் திறந்தார், கையெழுத்துப் போட்டார். வழக்கத்தைவிட அழகாகவே போட்டார். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு லாரிப் பக்கம் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அட்டையைப் பிடுங்கி அவர் வாயில் திணிக்கலாம் போலிருந்தது.

சந்தனமேரியக்கா ஸ்டிக்கர் ரோலை மேசையில் வைத்தாள். "நான் ஒட்ட மாட்டேன்" என்றாள். "எம் மக வயித்தக் கிழிச்சுத்தான் புள்ளைய எடுத்தாக. அந்த வயித்துக்குள்ள வச்சதும் இந்தத் துணிதான்." பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, மரியதாசன் கைய விட்டானா?" என்றாள். ஒருத்தி பின் ஒருத்தியாக ஒன்பது ரோலும் மேசைக்கு வந்தன.

திரும்பி வந்த ஆண்டிச்சாமி ரோல்களைப் பார்த்தும் சத்தம் போடவில்லை. "இதக் கெளப்பிவிட்டது யாரு? அந்த ஆளு மட்டும் வீட்டுக்குப் போகட்டும், மத்தவுக வேலையப் பாருங்க" என்றார். புருஷன் இல்லாத சந்தனமேரியக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாந்தான் சார்."

குரல் மெஷின் ரூம் வாசலிலிருந்து வந்தது. எபனேசர் அண்ணன்.

"நீ என்னலே நாந்தான்? இப்பத்தான கையெழுத்துப் போட்ட?"

"போட்டது தப்பு சார். இவுகளக் கெடுத்தது நாந்தான். எட்டு வருசமாக் கதை சொல்லிக் கெடுத்துட்டேன்."

"என்ன கதை?"

"கப்பல் கொள்ளைக்காரங்க கதை. அநியாயத்த எதுத்து நிக்கிறது, உசுரக் குடுக்கிறது... அந்த மாதிரி."

"எந்தக் கட்சிலே நீ?"

"கட்சி இல்ல சார். கார்ட்டூனு."

கார்ட்டூன் என்ற பேரில் ஏதாவது கட்சி உண்டா என்று மேனேஜர் யோசித்தார். அந்த நேரத்துக்குள் அண்ணன் அட்டையை எடுத்தார். போட்ட கையெழுத்தைக் குறுக்கே அடித்து, இங்கிலீஷிலேயே நிரப்புகிற அந்த அட்டையில் தமிழில் 'வேகவில்லை' என்று எழுதினார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனவர், வாசலில் வாட்ச்மேனிடம் வழக்கம்போல "வாரேன்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அட்டையில் அப்படி எழுதிவிட்டதால் லோடு போகவில்லை. மறுநாள் பாய்லரைச் சரிசெய்து திரும்ப வேகவைத்தார்கள். எங்கள் ஒன்பது பேருக்கும் வேலை தப்பித்தது. பதினேழு வருஷம் வேலை பார்த்தவரைத் திரும்பக் கூப்பிட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அண்ணன் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் டப்பா மூடுகிறார். வெந்ததா வேகவில்லையா என்று அங்கே யாரும் அவரிடம் கையெழுத்துக் கேட்பதில்லை.

மேசையில் கதை நின்றுபோனது. பொறுக்க முடியாமல் நானே போனில் அந்தக் கார்ட்டூனைத் தேடிப் பிடித்து முதலிலிருந்து பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, என் வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். போன மாதம் துறைமுக எபிசோடு வந்தது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அந்த ஒல்லிப் பையன் கைப்பிடியைப் பிடித்தான். எதிரிகள் ஓடிவருவதைப் பார்த்தான். விட்டுவிட்டுப் படகில் குதித்து ஓடிப்போனான். சங்கிலியை வேறு எவனோ வெட்டினான். ரீவைண்ட் செய்து மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பால்கோவாக் கடைக்கே போய்விட்டேன். அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து டப்பா மூடிக்கொண்டிருந்தார்.

"மரியதாசன் சாகலைல்லா அண்ணே? ஓடிட்டான்."

அவர் நிமிரவில்லை. "ஆமா பாண்டிசெல்வி. அன்னிக்குப் பஸ்ஸுல அதப் பாத்துட்டுத்தான் வேலைக்கு வந்தேன். நீங்க அம்புட்டுப் பேரும் மடிக்கிறத விட்டுட்டு என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தீக. ஓடிட்டான்னு சொல்ல மனசு வரல. நிக்க வச்சுட்டேன்."

"அன்னிக்கு மேனேஜர் கேட்டப்ப நீங்க செத்த நேரம் சும்மா இருந்திருக்கலாம்ல? கையெழுத்துத்தான் போட்டாச்சே?"

"இருக்கலாம்னுதான் நெனச்சேன். ஆனா பூசையெல்லாம் வச்சுட்டீகளே தாயி. அதுக்குப் பொறவு நான் எப்படி ஓடுறது?"

கால் கிலோ டப்பா ஒன்றை மூடி, லேபிளை நேராக ஒட்டி, என் பக்கம் நகர்த்தினார். சந்தனமேரியக்காவுக்குக் கொடுக்கச் சொன்னார்.