ஐந்து நட்சத்திரம் வாங்கிய பூண்டுக்காட்டு அத்தை

அவ்வளவு செலவு செய்து எடுத்த ஒரு சினிமாவைக் கொடைக்கானல் பக்கத்துப் பேத்துப்பாறைப் பூண்டுக்காட்டில் நடுவழியில் நிறுத்திய ஒரே ஆள் சிவபாக்கியம்தான். இதை அவள் சொல்லிக்கொண்டு திரியவில்லை. ஊர்தான் சொன்னது, அதுவும் பெருமையாகச் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு சண்டைப் படத்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கதாநாயகன் மலையில் ஓட வேண்டும், பின்னால் முரடர்கள் துரத்த வேண்டும். அறுப்பு முடிந்து சும்மா கிடந்த சிவபாக்கியத்தின் மேல்காட்டை அதற்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்குக் கூட்டத்தில் நிற்கிற வேலை. நின்றாலும் சம்பளம், உட்கார்ந்தாலும் சம்பளம், மத்தியானம் பிரியாணி. குனிந்து களையெடுத்து இடுப்பு ஒடிந்த சனத்துக்கு இதைவிட என்ன கொடுப்பினை வேண்டும்? கூலிவேலைக்குப் போகிற பெத்தம்மாளுக்கு இன்னும் ஒருபடி மேலே. கதாநாயகனுக்குச் செம்பில் தண்ணீர் கொடுக்கிற பெண்ணாக அவளைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். அவள் முகத்தைக் கிட்டத்தில் காட்டுவார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

காமிராக்காரருக்கோ அவளுடைய கீழ்க்காட்டு வெளிச்சம் பிடித்துப்போயிற்று. அதுவும் வெறும் மண்ணாகத்தானே கிடக்கிறது என்று நினைத்துவிட்டார். பூண்டு ஊன்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பது அந்த மனிதருக்கு எங்கே தெரியும்? முளை தலைகாட்டுகிற வரைக்கும் ஊன்றின பாத்தியும் சும்மா கிடக்கிற மண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். அதனால்தான் எங்கள் பக்கத்தில் யாரும் பூண்டுக்காட்டுக்குள் செருப்போடு இறங்குவதில்லை. எத்தனை பெரிய வியாபாரியாக இருந்தாலும் வரப்போரம் செருப்பை விட்டுவிட்டு, பாத்திக்கு நடுவே ஓடும் வாய்க்காலில்தான் கால் வைப்பார். இதை யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பம்.

சிவபாக்கியம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு கீழே இறங்கி வந்தாள். உடம்பெல்லாம் சேறு பூசிய ஒருத்தன் முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவள் பாத்திகளின் மேல் தடதடவென்று ஓடுகிறான். பின்னால் ஒரு பட்டாளம். காமிரா எங்கோ மரத்தடியில் இருந்தது. சீசனுக்கு வந்த குடிகாரக் கூட்டம் போதையில் ஆடுகிறது என்றுதான் அவள் நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்?

“ஏலே! எடுபட்ட பயலே! செருப்போட பாத்தியில ஏறுற? உன் வீட்டுச் சோத்தையும் இப்படித்தான் மிதிப்பியாலே? எறங்குலே கீழ!”

சொன்னதோடு விட்டாளா? மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு ஓடினாள். கதாநாயகன் நிஜமாகவே ஓடினான். முரடர்கள் அவனைவிட வேகமாக, அவனை முந்திக்கொண்டு ஓடினார்கள். காமிரா மட்டும் நிற்காமல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளனே படத்துக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சத்தை வேறு மலையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள். ஊர் சிவபாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. “வந்த சீதேவிய வாயாலயே வெரட்டிட்டா” என்றார்கள். குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றுபோகும். ஆனால் ஊர் பேசியதைவிட, பெத்தம்மாள் பேசாததுதான் அவளுக்கு வலித்தது. அந்தப் பாத்திகளை ஊன்றியதே பெத்தம்மாள்தான். பதினைந்து வருடமாகச் சிவபாக்கியத்தின் காட்டுக்கு வேலைக்கு வருகிறவள், ஒரு தூக்குவாளிச் சோற்றை இரண்டாகப் பிரித்துத் தின்றவள், “எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீல்லக்கா” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்புறம் அந்தக் காட்டுப் பக்கமே வரவில்லை. எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சிவபாக்கியமும் ரோஷக்காரி. நான் செய்தது தப்பா என்று யாரிடமும் கேட்கவில்லை. கேட்காததாலேயே அது நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது.

படம் வந்தது. சிவபாக்கியம் துரத்துகிற காட்சியை இயக்குநர் அப்படியே வைத்திருந்தார். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அது போகட்டும். அதற்கப்புறம் வந்ததுதான் கூத்து.

ஒருநாள் சாயங்காலம் மருமகள் லாவண்யா வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் ஓடி வந்தாள். கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் நிற்கிறவள் அவள். அங்கே தங்கிய பையன்கள் செல்போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தார்களாம். அந்தப் படத்தை வைத்தே எடுத்த சண்டை விளையாட்டு. “அதுக்குள்ள நீங்க இருக்கீங்கத்தே!” என்றாள்.

இருந்தாள். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி, அதே சத்தம். ஆடுகிறவன் பாத்தியில் கால் வைத்தால் போதும், “ஏலே! எடுபட்ட பயலே!” என்று எங்கிருந்தோ வந்துவிடுவாள். ஓடினால் துரத்துவாள். சுட்டால் குண்டு படாது.

விளையாட்டுக்குக் கீழே ஆடியவர்கள் எல்லாரும் அபிப்பிராயம் எழுதியிருந்தார்கள். லாவண்யா அடுப்புத் திட்டில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

“படத்த வச்சு எடுத்த கேம்லயே இவ்ளோ மட்டமானத நான் ஆடுனதில்ல. கார் பறக்குது. வில்லன் செவுத்துக்குள்ள மாட்டிக்கிறான். ஆனா அந்தப் பூண்டுக்காட்டு அத்தைக்காக அஞ்சு ஸ்டார்.”

“வில்லன ஒரே நாள்ல முடிச்சிட்டேன். அத்தைய ஒரு வாரமா தாண்ட முடியல. இவங்கதான் நெஜ வில்லன்.”

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள்: “அன்ரி ஏசுறது எங்கட அம்மா ஏசுறது மாதிரியே கிடக்கு. வேணுமெண்டே திரும்பத் திரும்ப மிதிச்சனான்.”

மலேசியாக்காரர் ஒருவர் மட்டும் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுக் கோபமாக எழுதியிருந்தார்: “வெறும் மண்ணுல நடந்ததுக்கு எதுக்கு இந்தம்மா இப்படிக் கத்துது? கேம்ல கோளாறு. உடனே சரி பண்ணுங்க.”

அதற்குக் கீழே தேனிப் பக்கத்துக்காரன் எவனோ பதில் கொடுத்திருந்தான்: “அண்ணே, அது வெறும் மண்ணு இல்ல. உள்ள வெத கெடக்கு. ஷூவக் கழட்டிட்டு வாய்க்கால்ல நடந்து பாருங்க.”

அந்தப் பதிலுக்குக் கீழே திருவிழாக் கூட்டம். கழட்டினேன், அத்தை மண்வெட்டிய எறக்கிட்டாங்க. நானும் கழட்டினேன், வழி விட்டுட்டாங்க. இது தெரியாம பத்து நாளா அடி வாங்குறேனேடா!

சிவபாக்கியம் உலையைக் கிளறுவதை நிறுத்திவிட்டாள். “அந்த மலேசியாக்காரரு?” என்றாள்.

“என்னத்தே?”

“கழட்டுனாராமா?”

லாவண்யா தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “கழட்டிட்டாராம். மன்னிச்சிக்கிடச் சொல்லியிருக்காரு. அஞ்சு ஸ்டாரா மாத்திட்டாரு.”

சிவபாக்கியத்துக்குப் பூரித்துப்போயிற்று. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனுசன், பூண்டுச்செடியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார், அவள் பாத்திக்கு மரியாதை கொடுத்துச் செருப்பைக் கழற்றியிருக்கிறார்! அன்றைக்கு ராத்திரி அவள் இரண்டு கரண்டி சோறு கூடவே தின்றாள். அப்புறம் தினமும் சாயங்காலம் அபிப்பிராயம் கேட்காமல் அடுப்பு பற்றாது.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்தான். விளையாட்டுக் கம்பெனியிலிருந்து ஞானவேல் என்று ஒரு தம்பி ஊருக்கே வந்தான். நல்ல பையன், வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்கினான். ஆனால் சொன்ன விஷயம் நல்லதாக இல்லை. செருப்பைக் கழற்றினால் போதும் என்று தெரியாத நிறையப் பேர், அத்தையைத் தாண்ட முடியாமல் விளையாட்டையே விட்டுவிட்டுப் போகிறார்களாம். அதனால் புதிதாக ஒரு வழி வைக்கப்போகிறார்கள். மாட்டிக்கொண்டவன் ஒரு விளம்பரத்தைப் பார்த்து முடித்தால், அத்தை அவனைப் பாத்தி மேலேயே ஓட விட்டுவிட வேண்டும். அதற்குச் சிவபாக்கியம் கொடைக்கானலுக்கு வந்து நாலு வார்த்தை பேசிக் கொடுக்க வேண்டும். பேசிக் கொடுத்தால், புது விளையாட்டுக்கான விளம்பரப் படத்தைப் பேத்துப்பாறையிலேயே எடுப்பார்கள். பழையபடி ஊருக்கே வேலை.

ஊர் ஒன்றுகூடிவிட்டது. மூன்று வருடமாக அவளோடு பேசாதவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து, “இந்தத் தடவையாச்சும் வாய அடக்குங்க தாயி” என்றார்கள். போகிற இடத்தில் அவள் எதையாவது கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளத் துணைக்கு ஒரு ஆள் போக வேண்டும் என்று முடிவாயிற்று. பெத்தம்மாள் நான் போகிறேன் என்றாள்.

பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். பெத்தம்மாள் சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கொடைக்கானல் வருகிற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. சிவபாக்கியம் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். சொல்லிவிட்டுப் போவோம். விளையாட்டுதானே? நிஜமாகவா மிதிக்கிறான்? இவளாவது நம்மோடு பேசட்டும்.

ஓட்டல் அறையில் சன்னலுக்கெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு, நடுவில் மைக்கை நிறுத்தியிருந்தான் ஞானவேல். “ஒண்ணும் இல்லம்மா. நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. ‘சரி தம்பி, போனாப் போகுது. மிதிச்சிட்டுப் போ.’ அவ்ளோதான். கொஞ்சம் சிரிச்சாப்ல சொன்னா நல்லாருக்கும்.”

“சரி தம்பி” என்றாள் சிவபாக்கியம். அதோடு நின்றுவிட்டது.

தண்ணீர் குடித்தாள். “சரி தம்பி, போனாப் போகுது…” அதற்கு மேல் வரவில்லை. மூன்றாம் தடவை வாயே திறக்கவில்லை. சினிமாக்கூட்டத்தையே விரட்டின குரல், இரண்டு சொல்லுக்கு வராமல் மண்டி போட்டுவிட்டது. மூலையில் உட்கார்ந்திருந்த பெத்தம்மாளை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஊர் சோற்றில் இரண்டாம் தடவையும் நான்தான் மண் போடப்போகிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

“தம்பி” என்றாள் பெத்தம்மாள் மூலையிலிருந்து. “அது என்னா சொல்லச் சொல்றீக? இன்னொருக்கா சொல்லுங்க.”

“மிதிச்சிட்டுப் போ.”

“எத?”

“பாத்தியங்க.”

பெத்தம்மாள் எழுந்துவிட்டாள். “அந்தப் பாத்திய ஊனுனது யாரு தெரியுமா? நானு! ஒவ்வொரு பல்லா, குனிஞ்ச தல நிமிராம, இந்தக் கையால ஊனுனேன். மழையில நனைஞ்சுக்கிட்டு ஊனுனேன். அன்னைக்கு ஒங்க ஆளுக மிதிச்சுப் போட்டுப் போனாகளே, யாராச்சும் ஒருத்தரு வந்து பாத்தீகளா? நானும் சினிமா ஆசையில வாய மூடிக்கிட்டுச் செம்பத் தூக்கிட்டு நின்னேன். கேட்டது இந்த அக்கா ஒருத்திதான்! இப்ப அது வாயாலயே மிதிச்சிட்டுப் போன்னு சொல்லணுமாக்கும்? வெளம்பரம் பாத்தா மிதிக்கலாமாக்கும்? ஒம் வெளம்பரத்தக் கொண்டுபோயி கொளத்துல போடு!”

ஞானவேல் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.

“எந்திரிக்கா” என்றாள் பெத்தம்மாள். “போவோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

பெத்தம்மாளே சிவபாக்கியத்தின் கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தக் கையைப் படி இறங்குகிற வரைக்கும், பஸ் ஏறுகிற வரைக்கும் இருவரும் விடவில்லை. வழியெல்லாம் பேச்சுதான். மூன்று வருடப் பாக்கி, லேசில் தீருமா?

ஊரில் கேட்டவர்களுக்குப் பெத்தம்மாளே பதில் சொன்னாள். “நாந்தான் வேணாம்னேன். என்னாங்குற இப்ப? ஒன் காட்ட எவனாச்சும் மிதிச்சா நீ வெளம்பரம் பாத்துட்டுச் சும்மா இருப்பியா?” கேட்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். எல்லார் வீட்டிலும் ஒரு பாத்தியாவது இருந்தது.

விளம்பரப் படம் வரவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து ஞானவேல் போன் செய்தான். மைக் அன்றைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். கம்பெனியில் எல்லாரும் பெத்தம்மாள் பேச்சைப் போட்டுக் கேட்டுவிட்டு, புது வழியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். அவள் சத்தத்தை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டான். பெத்தம்மாள் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டுதான் சரி என்றாள்.

இந்த வருடம் பூண்டு ஊன்றும்போது பெத்தம்மாள் சிவபாக்கியத்தின் காட்டுக்கு வந்துவிட்டாள். மத்தியானம் சோற்றுக்கு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, விடுமுறையில் காட்டுக்கு வந்திருந்த லாவண்யா அன்றைக்கு வந்த முதல் அபிப்பிராயத்தை வாசித்தாள்.

“முன்னாடி ஒரு அத்தை. இப்ப எடப்பக்கம் ஒருத்தர், வலப்பக்கம் ஒருத்தர். எந்தப் பக்கம் ஓடுனாலும் திட்டு. ஷூவோட தாண்டவே முடியாது, தாண்டவும் மனசில்ல. அஞ்சுக்கு மேல ஸ்டார் இருந்தா குடுத்திருப்பேன்.”

பெத்தம்மாள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டாள். “யாரு சத்தம் பெருசாம்? அதப் போட்டிருக்கானா?”

லாவண்யா போனைப் பார்த்தாள். அப்படி எதுவும் போடவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் சிவபாக்கியம் முந்திக்கொண்டாள்.

“உன்னுதுதான்னு போட்டிருக்கான்டி” என்றாள்.