இருபத்து மூணு ரூபா அறுபது காசு

காவாந்தண்டலத்தில் நிலம் வைத்திருக்கிறவர்கள் உண்டு, லாரி வைத்திருக்கிறவர்கள் உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, அடுத்தவர் களத்தில் மூட்டை தூக்கி, கடைசியில் 'அருள்தாஸ் பாரம்பரிய அரிசி' என்று தன் பேரையே பலகையில் எழுதி மாட்டியவர் ஒருத்தர்தான். அறுபத்தாறு வயதாகிறது, இன்றுவரை காகிதத்தைத் தொட்டுக் கணக்குப் போட்டதில்லை. எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை என்று சொன்னால் போதும். எதிராளி போனை எடுப்பதற்குள் விடை சொல்லிவிடுவார்.

அதிலும் கழிவு விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஈரம் என்று ஒருவன் கழிப்பான், சாக்கு எடை என்று இன்னொருவன் கழிப்பான், தரகு என்று ஒருத்தர் வந்து நிற்பார். எந்தக் கழிவாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும். கை யாருடையது என்று தெரிந்துவிட்டால் உட்கார வைத்துப் பேசி, பாதியாவது திரும்ப வாங்கிவிடுவார். வாலாஜாபாத் மில்களில் நாற்பது வருஷமாக அவர் பிழைத்தது இப்படித்தான்.

மகன் ஜான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாலாஜாபாத் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான். மருமகள் பிரிஸ்கில்லா தாய்வீட்டுக்குப் போகாமல் மாமனாரோடேயே இருந்தாள். போனில் அரிசி விற்கலாம் என்று கொண்டுவந்தவள் அவள்தான். கருப்புக் கவுனி அரிசியையும் பூங்கார் அரிசியையும் படம் பிடித்துப் போடுவாள். வெளியூரிலிருந்து கேட்பார்கள். பணம் கட்டுகிற லிங்க் அனுப்பினால் கார்டில் கட்டுவார்கள். பணம் அருள்தாஸின் பேங்க் கணக்குக்கு வந்துவிடும். "எம் மருமவ பெங்களூருக்கு அரிசி ஏத்துறா" என்று அவர் பெருமை பேசாத டீக்கடை உத்திரமேரூரில் இல்லை.

ஆடி மாசம் பாஸ்புக் பதிந்துகொண்டு வந்தார். லிங்க்கில் விற்றது சரியாக ஒரு லட்சம். பார்சலை எண்ணியவர் அவரே. வந்தது தொண்ணூற்றேழாயிரத்து அறுநூற்று நாற்பது.

"இன்னாம்மா, ரெண்டாயிரத்து முந்நூத்தி அறுபது எங்க?"

"அது சார்ஜ் மாமா. லிங்க் குடுக்குற கம்பெனி கழிச்சிக்கும். நூத்துக்கு ரெண்டு, அதும்மேல பதினெட்டு பர்சென்ட் ஜிஎஸ்டி."

"கடையில மாட்டிக்கீற அட்டைய ஸ்கேன் பண்ணா முழுசா வருதே."

"அதுக்குக் கழிவு இல்ல மாமா. இது கார்டு, இதுக்குக் கீது."

"கழிக்கிறவன் யாரு? பேரச் சொல்லு."

"ஆளு யாரும் இல்ல மாமா. அதுவா கழிஞ்சிக்கும்."

"அதுவா கழியறதுக்கு அது இன்னா ஈர நெல்லா?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சிட்டம்மாள் சிரித்தாள். பிரிஸ்கில்லாவும் சிரித்துவிட்டாள். அருள்தாஸ் சிரிக்கவில்லை. மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார். ரெண்டும் பதினெட்டும் இருபது. நூற்றுக்கு இருபது என்றால் லட்சத்துக்கு இருபதாயிரம் போயிருக்க வேண்டும். போனதோ ரெண்டாயிரத்துச் சொச்சம். பொய்யைக்கூட இவளுக்குக் கணக்காகச் சொல்ல வரவில்லையே என்று நினைத்தார். அந்த நிமிஷமே கை யாருடையது என்று முடிவு கட்டிவிட்டார்.

ஆனாலும் சாட்சி வேண்டும். தாம்பரத்தில் இருக்கும் பழைய கூட்டாளி டேனியலுக்கு ரகசியமாகச் சொல்லி, ஆயிரம் ரூபாய்க்கு ஆர்டர் போட வைத்தார். பேங்க்குக்கு வந்தது தொள்ளாயிரத்து எழுபத்தாறு ரூபாய் நாற்பது காசு. இருபத்து மூணு ரூபா அறுபது காசைக் காணோம்.

சனிக்கிழமை கூலி நாள். சிட்டம்மாளோடு சேர்த்து நாலு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டார்.

"திருப்புட்குழியில உங்கம்மா வூட்டுக்குக் கூரை மாத்துனாங்களே, யாரு காசு அது?"

"அவரு வாங்கிக் குடுத்த கம்மல வித்தேன் மாமா."

"அப்பிடியா. இந்த இருபத்து மூணு ரூபாவும் கம்மல்தானா? திருடுறவ கொஞ்சம் பெருசாத் திருடக் கூடாது?"

"மாமா, அந்தப் பதினெட்டு இன்னான்னா..."

"எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா நீ?"

பிரிஸ்கில்லா கையிலிருந்த கடை போனை எடை மெஷின் மேல் வைத்தாள். மெஷின் நூற்றுத் தொண்ணூறு கிராம் என்று காட்டியது. ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டாள். நாலு பேரும் கூலியோடு செய்தியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து போன் அருள்தாஸின் சட்டைப் பையில் இருந்தது. இனி முழுசாக வரும் பார் என்று டேனியலை மறுபடி ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னார். பழைய லிங்க்கிலேயே கட்டினான். இரண்டு நாள் கழித்துப் பாஸ்புக்கை நீட்டினார். தொள்ளாயிரத்து எழுபத்தாறு ரூபாய் நாற்பது காசு. பேங்க் வாசலில் வெயிலில் நின்று மூன்று தடவை பார்த்தார். போனை அவரைத் தவிர யாரும் தொடவில்லை.

திருப்புட்குழிக்குப் போனபோது பிரிஸ்கில்லா ஒரகடத்தில் புதிதாகச் சேர்ந்த கம்பெனி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. தண்ணீர் கொடுத்தாள். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தாள்.

"ஆயிரத்துக்கு, நூத்துக்கு ரெண்டுன்னா இருபது ரூபா. பதினெட்டு பர்சென்ட் ஆயிரத்துக்கு இல்ல மாமா, அந்த இருபதுக்கு மட்டும்தான். அது மூணு ரூபா..."

"அறுபது காசு" என்றார் அருள்தாஸ். லட்சத்துக்கு ரெண்டாயிரம், ரெண்டாயிரத்துக்கு முந்நூற்று அறுபது. ஒரு காசு பிசகவில்லை. பேரில்லாத, முகமில்லாத ஒன்றுதான் கழித்துக்கொண்டிருந்தது. தோசைக்கல் வாசனை வந்தது. அவள் சாப்பிடச் சொல்லவில்லை.

"சரி, கிளம்பு. ஆர்டரெல்லாம் நின்னுக்கினு கீது."

"காலனியில இன்னா பேசிக்கிறாங்கன்னு சிட்டம்மா அக்கா போன் பண்ணிச்சி மாமா. நாலு பேரு முன்னாடி திருடின்னீங்க. அதே நாலு பேரு முன்னாடி, இவ எடுக்கல, நான்தான் கணக்கத் தப்பாப் போட்டேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு போன் பண்ணுங்க. அடுத்த பஸ்ல வர்றேன்."

"சொல்றேன்" என்றுதான் எழுந்தார். வழியெல்லாம் பஸ்ஸில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதல் பாதி சுலபமாக வந்தது.

சனிக்கிழமை நாலு பேரும் கூலிக்கு நின்றார்கள். சிட்டம்மாளே பேச்சை எடுத்துக் கொடுத்தாள்.

"திருப்புட்குழிக்குப் போனியாமே அண்ணே. அந்தப் பொண்ணு எடுத்தது நெசந்தானா?"

அருள்தாஸ் வாயைத் திறந்தார். நாலு முகமும் அவரையே பார்த்தன. இந்த நாலு பேரும்தான் அவர் மனக்கணக்கை ஊரெல்லாம் சொல்லி மெச்சுகிறவர்கள்.

"மொதல்ல அந்தச் சாக்கு வாயக் கட்டு. எலி பூந்துக்கும்" என்றார்.

அவள் கட்டினாள். கூலியை எண்ணிக் கொடுத்தார், வழக்கம்போல ஒரே தடவையில் சரியாக.

அதன்பின் எட்டுச் சனிக்கிழமை போய்விட்டது. திருப்புட்குழிக்கு அவர் போன் பண்ணவில்லை. காலனியில் அவள் பேர் திருடி என்றே நின்றுவிட்டது. பெங்களூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். இப்போது கடைக்கு வருவது அட்டையில் ஸ்கேன் பண்ணுகிற பணம் மட்டும்தான். கொஞ்சமாக வருகிறது, கழிவில்லாமல் முழுசாக வருகிறது.